ஐந்து மணிப் பூசைப் பட்டியல்

24 பிப்ரவரி 2025, திங்கள்

புது பேட்ச். முப்பத்தொரு பேர். சேலம் ஐந்து ரோட்டில் இந்தக் கம்ப்யூட்டர் சென்டர் மாடிப்படி ஏற ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. ஜாவா எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் "வேலைக்கு சார்" என்றார்கள். பரமத்தி வேலூர்ப் பெண் ஒருத்தி, இனியா என்று பெயர், "எங்க மாமா படிக்கச் சொன்னாருங்க சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மாலை கோயில் அலுவலகம். அடுத்த வாரம் திருநீற்றுப் புதன். தவக்காலம் முழுக்க வாரநாள் பூசை ஆறுக்குப் பதில் ஐந்து மணிக்காம். ஜவ்வரிசி ஆலை வேன் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவதால் அந்தப் பெண்கள் பூசைக்கு வர முடிவதில்லை, தவக்காலத்திலாவது வரட்டும் என்றார் ஃபாதர். நான் செய்து கொடுத்த புரோகிராமில் ஆறை ஐந்தாக மாற்றினேன். அரை நிமிடம்.

"அவ்வளவுதானா?" என்றார் ஃபாதர்.

"ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிடும் ஃபாதர்." கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்தான்.

கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் ஞானதாஸ் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். போன ஜூன் வரை எந்த நாள் பூசை இறந்துபோன யாருக்காக என்கிற பூசைக் கருத்துகளை அவர்தான் நீள நோட்டில் எழுதுவார். முப்பத்தொரு வருடம் எழுதினார். இப்போது சனங்கள் துண்டுச் சீட்டில் பெயரும் தேதியும் எழுதித் தருகிறார்கள், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார், அந்தந்த நாளின் பட்டியல் பூசையில் வாசிக்க அச்சாகி வருகிறது. கற்றுக்கொடுத்தபோது பயந்தார். "மெஷின் தப்பு பண்ணாதுங்க ஐயா. நாம என்ன போடுறோமோ அதுதான் வரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அதைச் செபம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

அம்மாவின் நினைவு நாள் மார்ச் ஏழு. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

7 மார்ச், வெள்ளி

அம்மாவின் நான்காம் வருட நினைவு. நாலரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அணைத்தேன். எழுந்தபோது ஏழு.

எட்டு மணிக்கு ஓசூரிலிருந்து அக்கா போன்.

"பூசைக்குப் போனியாடா?"

"போனேன்க்கா."

"அம்மா பேரு வாசிச்சாங்களா?"

"நல்லாக் கேட்டுது."

நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை. நாற்பத்து மூன்று வயதில் அம்மா பெயரில் பொய்.

10 மார்ச், திங்கள்

பைக் பஞ்சர். வகுப்புக்குத் தாமதம். எழுத ஒன்றும் இல்லை.

12 மார்ச், புதன்

என் மனைவி ஜெர்லின் ஐந்து மணிப் பூசைக்குப் போய்விட்டு முகம் வாடி வந்தாள். எங்கள் கோயில் பங்கில் அந்தோணிமேரி என்று ஒரு அம்மா, ஜவ்வரிசி ஆலையில் வேலை. அவர் கணவர் சின்னப்பன் இறந்து இன்றோடு ஒரு வருடம். முதல் வருட நினைவு. ஆத்தூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் உறவுக்காரர்கள் முந்தின நாளே வந்து தங்கி, பதினைந்து பேர் வரிசையாக முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர்கள் வாசித்தார்கள். சின்னப்பன் பெயர் வரவே இல்லை.

பூசை முடிந்ததும் அந்தம்மா பீடத்தை ஒட்டிய சக்ரீஸ்து அறை வாசலில் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாராம். "சீட்டு எழுதி உங்க கையிலதானே குடுத்தேன்? எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரலியா? ஊர்ல இருந்து சனம் வந்து ஒக்காந்திருக்குது, என்னை அவமானப்படுத்திட்டீங்களே!" அத்தனை பேர் முன்னாலும். உபதேசியார் "என் தப்புதாம்மா, என் தப்புதான்" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றாராம்.

"பாவம்ங்க அந்த மனுசன்" என்றாள் ஜெர்லின்.

வயதாகிவிட்டது, கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன். 

13 மார்ச், வியாழன்

காலையில் ஜெர்லின் கேட்டாள்: "ஏங்க, ஒருவேளை உங்க புரோகிராம்லயே ஏதாச்சும் இருக்குமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பதினாறு வருசமா ஊருக்கே இதத்தான் சொல்லிக்குடுக்கறேன். ஒம்பது மாசமா ஒரு தப்பு வந்துதா?" என்றேன். அவள் தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

16 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் கூப்பிட்டார். இன்னும் மூன்று வீட்டில் இதே புகாராம். பெயர் வரவில்லை, இல்லாவிட்டால் முந்தின நாளே வாசித்துவிட்டார்கள்.

"உபதேசியாருக்கு அறுபத்தாறு ஆகுது. தேதியெல்லாம் ஒரு நாள் முன்னாடி போட்டு வச்சிருக்காரு. என்ன பண்ணலாம்?"

"டைப் பண்றப்பக் கொஞ்சம் கவனமா இருக்கணும் ஃபாதர். மத்தபடி ஒண்ணுமில்ல" என்றேன். பார்க்காமலே சொன்னேன். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து, சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்று, புரோகிராமைத் திறந்தேன்.

எல்லாம் ஒரு நாள் முந்தி. ஒன்றிரண்டு அல்ல. ஐந்து மணிப் பூசைக்குப் பதிந்த ஒவ்வொரு பெயரும். மனிதன் தப்புச் செய்தால் இப்படி ஒழுங்காகச் செய்யமாட்டான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. 

எனக்கே நான் பாடம் எடுக்கிறேன், கேள் பெனடிக்ட். ஜாவாவில் வெறும் தேதிக்கு என்று ஒரு வகை இருக்கிறது, லோக்கல்டேட். சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு தாள் மாதிரி. அதில் மணியும் கிடையாது, ஊரும் கிடையாது. ஒரு பூசைக் கருத்துக்கு அது போதும். செத்தவர்களுக்கு மணி எதற்கு? நான்தான் பெரிய புத்திசாலியாக, பின்னால் உதவும் என்று, தேதியையும் பூசை மணியையும் சேர்த்து இன்ஸ்டன்ட் என்கிற வகையில் வைத்தேன். அது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கணம். அதைத் திரும்பத் தேதியாக ஆக்கும்போது, எந்த ஊர்த் தேதி என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் புரோகிராம் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர் தன் ஊர் மணியை எடுத்துக்கொள்ளும். அதற்குச் சேலம் தெரியாது. கிரீன்விச் மணிதான் தெரியும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

காலை ஆறு மணிப் பூசை அதன் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி அரை மணி, அதே தேதி. அதனால்தான் ஒன்பது மாதம் ஓடியது. ஞாயிறு ஐந்தரை மணிப் பூசை சரியாகப் பன்னிரண்டு, நூலிழையில் தப்பியது. ஐந்து மணிப் பூசை அதற்கு முந்தின நாள் இரவு பதினொன்றரை.

நான் சோதித்தது ஆறு மணியையும் மாலைப் பூசையையும் மட்டும்.

சரிசெய்ய நாலு நிமிடம் ஆனது. ஊர்ப் பெயரைச் சேர்த்தேன், ஏசியா, கொல்கத்தா; இந்திய நேரத்துக்கு அதில் அதுதான் பெயர். எல்லாத் தேதியும் தன்னிடத்தில் வந்து உட்கார்ந்தது.

சின்னப்பன் பெயரைப் பதினோராம் தேதியே வாசித்திருக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்து ஒருவர்கூட இல்லாத பூசையில்.

நாளைக் காலை முதல் வேலையாக ஃபாதரிடம் சொல்ல வேண்டும்.

17 மார்ச், திங்கள்

சொல்லவில்லை.

போனேன். வாய் திறக்குமுன் ஃபாதரே ஆரம்பித்தார்: "யோசிச்சேன் பெனடிக்ட். இனிமே நீயே ஏத்திடு. அவருக்கு இந்த வேலை வேண்டாம், மணி அடிக்கறதும் பீடம் பாக்கறதும் போதும். சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு." உபதேசியார் அந்த அறையிலேயே, அலமாரிப் பக்கம் திரும்பி மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சரிங்க ஃபாதர்" என்றேன்.

மூன்றே வார்த்தை சொன்னால் போதுமாயிருந்தது, தப்பு என்னுது ஃபாதர். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஃபாதர் என்னைப் பற்றி மறைமாவட்டக் கூட்டத்தில் பேசினாராம், மற்ற பங்குகளுக்கும் இதைக் கொடுக்கலாம் என்றாராம். அது காதில் இனித்துக்கொண்டிருந்தது. உண்மை அவ்வளவுதான். வேறு காரணம் தேட வேண்டாம்.

வெளியே வரும்போது உபதேசியார் பின்னாலேயே வந்து சீட்டுகள் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். "எல்லாம் இதுல இருக்குது தம்பி. சீட்டுல சரியாத்தான் இருக்குது. நான்தான்..." என்று நிறுத்தினார். அப்புறம், "திருத்துனேன் தம்பி. பன்னெண்டுன்னு திருத்தி வெச்ச ஞாபகம் இருக்குது. மறுநா பாத்தா பதினொண்ணுன்னு இருக்குது. திருத்துனேனா, திருத்தலியான்னே தெரியல" என்றார்.

திருத்தியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். அவர் பன்னிரண்டு என்று போட்டதை நான் எழுதிய ஒரு வரி ஒவ்வொரு தடவையும் பதினொன்று என்று காட்டியிருக்கிறது.

டின்னை வாங்கிக்கொண்டு வந்தேன்.

20 மார்ச், வியாழன்

இன்று ஒரு பெரியவர் கோயில் வாசலில் என் தோளைத் தட்டினார். "உன் கைக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு தப்பு இல்ல பாரு."

24 மார்ச், திங்கள்

பாடத்திட்டத்தில் ஐந்தாவது வாரம் தேதியும் நேரமும். தள்ளிப்போட முடியாது. பலகையில் கோடு போட்டேன், இங்கே கிரீன்விச், இங்கே சேலம். ஒரு கணம் ஒன்றுதான், அதன் தேதி ஊருக்கு ஊர் மாறும் என்று விளக்கினேன். பதினாறு வருடமாகச் சொல்லும் அதே வாக்கியம். சுண்ணாம்புக்கட்டி இரண்டு தடவை ஒடிந்தது.

இனியா கையைத் தூக்கினாள். "ஏனுங்க சார், நெசமாலுமே இந்தத் தப்ப யாராச்சும் பண்ணுவாங்களா? இத்தன சுலுவா இருக்குதுங்களே?"

"பண்ணுவாங்கம்மா. சோதிச்சுப் பாக்காத சோம்பேறிங்க பண்ணுவாங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

29 மார்ச், சனி

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எங்கள் கோயிலில் செய்தால் ஃபாதருக்கு என் குரல் தெரியும். அதனால் டவுனுக்குப் பஸ் ஏறி, யாரும் என்னை அறியாத கோயிலில் வரிசையில் நின்றேன். ஒரு பாவத்தைச் சொல்லப் பஸ் ஏறிப் போனவன் அந்த வரிசையில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், முன்னால் நின்றவரும் எங்கள் பங்குக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தோம்.

"பொய் சொன்னேன் சாமி" என்றேன்.

"எத்தன தடவ?"

"நாலஞ்சு தடவ."

"அதனால யாருக்காச்சும் கெடுதல் வந்துதா?"

"...கொஞ்சம் மனவருத்தம்."

பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம். பாவமன்னிப்பும் கிடைத்தது. எதற்கு? நான் சொன்னதற்கு. சொல்லாததற்கு எப்படிக் கிடைக்கும்? திரும்பி வரும் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய அயோத்தியாப்பட்டணம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன்.

4 ஏப்ரல், வெள்ளி

மாலை சிலுவைப்பாதை. வழக்கமாகச் சிலுவையைத் தூக்கிப்போகும் உபதேசியார் இன்று வரவில்லை. ஜெர்லின் அவர் மனைவியிடம் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். நடந்துகொண்டே, பாட்டுக்கு நடுவே, மெதுவாக.

புதன்கிழமை அவரை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவரேதான் போக வேண்டும் என்றாராம். அவருடைய அண்ணன் கடைசியில் எல்லாம் மறந்துபோய், பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்டுச் செத்துப்போனாராம். தனக்கும் அது ஆரம்பித்துவிட்டது என்று இரண்டு வாரமாகச் சாப்பாடு சரியாக இல்லை. வீட்டில் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பத்துத் தடவை எழுந்து பார்க்கிறாராம். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஈஸ்டரோடு உபதேசியார் வேலையை விட்டுவிடுவதாக ஃபாதரிடம் சொல்லிவிட்டாராம்.

"மூளைல ஒண்ணும் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கங்க" என்றாள் ஜெர்லின்.

அவர் மூளையில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, அவருக்கே தெரியாது. ஐயோ, நான் என்ன மனுசன்! ஒரு ஆளு பைத்தியமா ஆயிருவோமோன்னு நடுங்கிட்டுக் கெடக்கறாரு, நான் முட்டிபோட்டு "எங்கள்பேரில் தயவாயிரும்"னு பாடிட்டு இருக்கேன்.

5 ஏப்ரல், சனி

அவர் தெரு வரை போனேன். வாசலில் செருப்புகள் நிறைய இருந்தன. திரும்பி வந்துவிட்டேன். செருப்புக்காகத் திரும்பினேனாம்.

6 ஏப்ரல், ஞாயிறு

ஜெர்லினிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அலாரத்தை அணைத்தது முதல். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அன்னிக்கு நான் கேட்டேனே" என்றாள். பிறகு நாள் முழுக்க அவசியத்துக்கு மட்டும் பேசினாள்.

8 ஏப்ரல், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மதியம் மூன்று மணி. வகுப்புக்கு லீவு போட்டேன். அவர் வீட்டில் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் தேதிக் காலண்டர். ஒவ்வொரு தாளிலும் பேனாவால் ஒரு டிக். நாள் மறக்காமலிருக்க அடித்து வைக்கிறார் என்று புரிந்தது. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"ஐயா, பட்டியல்ல வந்த தப்பு உங்க தப்பு இல்லீங்க. என் புரோகிராம் தப்பு. நீங்க போட்டதெல்லாம் சரி. திருத்துனதும் சரி. அதுதான் உங்களுக்கு ஒரு நாள் முந்திக் காட்டுச்சு."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கிரீன்விச், சேலம் எல்லாம் சொல்லவில்லை. "அஞ்சரை மணிக்கு முந்தி எந்தப் பூசைய யார் போட்டாலும் ஒரு நாள் முன்னாடிதாங்க விழும். நான் போட்டிருந்தாலும் அப்படித்தான்."

"மெஷின் தப்பு பண்ணாதுன்னியே தம்பி."

"நான் தப்பு பண்ணுனேன்ங்க."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு வேறெதையோ சொல்வது போலச் சொன்னார்: "டாக்டரு ஒரு கடியாரம் வரையச் சொன்னாரு. பதினொண்ணு பத்துன்னு முள்ளு போடச் சொன்னாரு. போட்டேன். சரியா இருக்குதுன்னாரு. அப்புறம் இன்னிக்கி என்ன தேதின்னு கேட்டாரு. ஏப்ரலு ரெண்டு. எனக்குத் தெரியும் தம்பி. வாய் வரைக்கும் வந்துருச்சு. நாம சொல்ற தேதிதான் எப்பவும் தப்பாப் போவுதேன்னு, தெரியலீங்கன்னுட்டேன். அவரு அத எழுதிக்கிட்டாரு."

 தரையில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச் பதினாறுங்க."

விரலை மடக்கி எண்ணினார். உதடு அசைந்தது. "இருவத்துமூணு நாளு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரியா இருக்குதா பாரு" என்றார்.

"சரியா இருக்குதுங்க ஐயா."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் அவர் சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. "இருவத்துமூணு நாளு என் பொண்டாட்டி தூங்கலடா! என் பின்னாடியே எந்திரிச்சு வந்து அடுப்பப் பாக்கறா! உங்கம்மா செத்தப்ப ராத்திரி பூரா ஒக்காந்து செபம் சொன்னவன்டா நானு!" என்று கத்தினார். மூச்சு வாங்கியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. தானே எழுந்து போய்க் குடித்தார்.

மன்னிப்புக் கேட்டேன்.  வாசலுக்கு வரும்போது, "அந்தோணிமேரி என்னியக் கேட்டது உங்க ஊட்டுல இல்ல, எங்க ஊட்டுல இல்ல. அஞ்சு மணிப் பூசைக்கு வந்த அத்தன பேரு முன்னாடி" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டார்.

9 ஏப்ரல், புதன்

ஜெர்லின் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்கேன் வேண்டாம் என்றுவிட்டாராம். நேற்று மாலை இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாராம்.

11 ஏப்ரல், வெள்ளி

ஃபாதரிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஐந்து மணிப் பூசையின் அறிவிப்பு நேரத்தில் பேச அனுமதி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும் உன்கிட்ட ஒரு வார்த்த, அவருகிட்ட ஒரு வார்த்த, சரியாக் கேக்காம விட்டுட்டேன்" என்றார். "நானே சொல்லிடட்டுமா?" என்றும் கேட்டார். ஒரு நொடி ஆசையாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

மறைமாவட்டக் கூட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

நாளைக்கு. என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதியிருந்தேன். கிழித்தேன். இரண்டாவதில் "சிறு தவறு". அதையும் கிழித்தேன்.

14 ஏப்ரல், திங்கள்

நாலே காலுக்கே எழுந்துவிட்டேன். அலாரம் அடிக்கவில்லை.

சுமார் அறுபது பேர். முக்கால்வாசி ஜவ்வரிசி ஆலைப் பெண்கள், தூக்குவாளியோடு. நற்கருணை வாங்கி உட்கார்ந்த பிறகு ஃபாதர் தலையாட்டினார். மைக் முன்னால் நின்றேன். 

"மார்ச் மாசம் அஞ்சு மணிப் பூசையில பேருங்க தேதி மாறி, ஒரு நாள் முன்னாடி வாசிச்சது உபதேசியார் தப்பு இல்லீங்க. அவரு ஒரு தேதியக்கூடத் தப்பாப் போடல. நான் செஞ்ச புரோகிராம்தான் தப்பு. எனக்கு அது பதினாறாந் தேதியே தெரியும். தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லல. என் பேரு கெட்டுப்போயிருமேன்னு அவரு பேரக் கெட விட்டுட்டேன். அவருகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

உபதேசியார் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சனத்தையும் பார்க்கவில்லை. மணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே அந்தோணிமேரி அம்மா என் முன்னால் வந்து நின்றார். இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு பேர முந்தின நாளே வாசிச்சுட்டாங்களா? நாங்க யாருமே இல்லாதப்ப?"

"ஆமாங்கம்மா."

"நீங்க படிச்சவரு. நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கும்னு நாங்க பாட்டுக்கு உபதேசியாரத் திட்டிட்டோம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

வேன் ஹாரன் அடித்தது. அவர் வேனுக்குப் போகாமல் சக்ரீஸ்து வாசலுக்கு ஓடினார். "உபதேசியாரே, அன்னிக்கு நான் பேசுனது..." என்று ஆரம்பித்தது கேட்டது. உபதேசியார் குரலும் கேட்டது. "வேன் போயிரும், போம்மா. போ."

16 ஏப்ரல், புதன்

இன்று வகுப்பில் கேட்காமலே சொன்னேன். போன மாசம் இனியா ஒரு கேள்வி கேட்டாளே, இந்தத் தப்பை யார் பண்ணுவாங்கன்னு. நான் பண்ணினேன் என்று. முழுக் கதையையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இனியா மட்டும், "அந்தப் பெரியவரு இப்ப நல்லா இருக்காருங்களா சார்?" என்று கேட்டாள். ஜாவாவில் சந்தேகம் யாரும் கேட்கவில்லை.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

நேற்று இரவு பாஸ்காத் திருவிழிப்புப் பூசையில் முதல் வாசகம் உபதேசியார்தான் வாசித்தார், ஒவ்வொரு வருடமும் போல. வேலையை விடுவதாகச் சொன்னதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வாசலில் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னேன். "ம்" என்றார்.

24 ஏப்ரல், வியாழன்

கோயில் அலுவலக மேசையில் பழைய நீள நோட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரும் இருக்கிறது. முதலில் உபதேசியாரே நோட்டில் எழுதி, அப்புறம்தான் ஏற்றுகிறாராம். ஃபாதர் தயங்கித் தயங்கி, "ரெண்டும் இருக்கட்டும்னு சொல்றாரு" என்றார். நல்லது என்றேன்.

பிஸ்கட் டின்னைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து சீட்டுகள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்.

6 மே, செவ்வாய்

மாலை அவரிடமிருந்து போன். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"நாளைக்கி ஆறு மணிப் பூசைக்கு வந்துரு."

"என்னங்க ஐயா, பட்டியல்ல ஏதாச்சும் தப்பா?"

"வந்து பாரு." வைத்துவிட்டார்.

உடனே எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வாரநாள் பூசை ஈஸ்டரோடு ஆறு மணிக்குத் திரும்பிவிட்டது. ஐந்து, ஐந்தரை, ஆறு, மாலை, எல்லாவற்றையும் சோதித்தேன். தப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. 

7 மே, புதன்

ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உபதேசியார் பட்டியலோடு வந்து நின்றார். இன்று அச்சிட்ட தாள் இல்லை. நீள நோட்டையே விரித்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

"தவக்காலத்தில் தேதி மாறி வாசிக்கப்பட்டவர்களுக்காக இந்த வாரம் மறுபடி ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார். திங்கள் முதல் வாசித்துக்கொண்டிருக்கிறாராம், நாளுக்கு மூன்று நான்கு பெயர். டின்னில் இருந்த சீட்டுகளை எல்லாம் எடுத்து, மார்ச் ஐந்திலிருந்து பதினைந்து வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதியிருக்கிறார். முன்னால் அந்தோணிமேரி அம்மா உட்கார்ந்திருந்தார். வேலைக்கு லீவு போட்டிருக்க வேண்டும்.

"மார்ச் பன்னிரண்டாம் தேதி, சின்னப்பன் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இதைக் கேட்கத்தான் என்னை வரச் சொன்னார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். சரிதான், கேட்க வேண்டியதுதான்.

அவர் நோட்டில் ஒரு தாளைப் பின்னோக்கித் திருப்பினார்.

"மார்ச் ஏழாம் தேதி, சவேரியம்மாள் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

என் அம்மா. ஐந்து மணிப் பூசை, மார்ச் ஏழு. அம்மா பெயரையும் ஆறாம் தேதியே வாசித்திருப்பார்கள். தேதி மாறிய எல்லோருடைய கணக்கையும் போட்ட எனக்கு, அம்மாவும் அதில் ஒருத்தி என்று இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவர் சீட்டைப் பார்த்திருக்கிறார். என் கையெழுத்தில் இருந்த சீட்டு.

பூசை முடிந்து சக்ரீஸ்து வாசலுக்குப் போனேன். மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா..."

"பேரு நல்லாக் கேட்டுதா?" என்றார், திரும்பாமலே.

"கேட்டுதுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஓசூருக்குப் போன் செய்தேன். மார்ச் ஏழாம் தேதி நான் பூசைக்குப் போகவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். இன்றைக்குப் போனேன் என்றும் சொன்னேன்.